இல்லாத மேனேஜர்

"அண்ணி, போன்ல ஒரு அம்மா அழறாங்க. பழைய காப்பியாம். கொட்டிட்டு வேற போட்டுக்கச் சொல்லட்டுமா?"

வாய்தா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டான். அண்ணி மேஜைக்கு அடியில் கழற்றிவிட்ட செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். பெரிய பெரிய திருடர்களைத் தேடிக் கண்டுபிடிப்பவளுக்குச் சொந்தச் செருப்பு மட்டும் தினமும் தண்ணி காட்டும்.

அண்ணி என்பது வாய்தாவுக்கு மட்டுமே உறவுமுறை. அவனுடைய அண்ணனைக் கட்டியவள். ஆனால் அவன் வாய் ஓயாமல் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் துப்பறியச் சொல்லி வருகிறவர்களும் போலீஸ்காரர்களும், ஒரு தடவை கையும் களவுமாகப் பிடிபட்ட ஒருவனும்கூட, அவளை அண்ணி என்றே அழைக்கத் தொடங்கினார்கள். கடைசியில் வாசல் போர்டிலும் அதுவே ஏறிவிட்டது. வாய்தா அண்ணியிடம் சேருவதற்கு முன்பு ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எந்த வேலையையும் நாளைக்குத் தள்ளிவிடுவான். எந்தப் பேச்சையும் நாளைக்குத் தள்ள மாட்டான்.

"காப்பின்னா குடிக்கற காப்பி இல்லைங்க!" ரிசீவரிலிருந்து வந்த குரல் மேஜைக்கு அடிவரை கேட்டது. "நகல்! டைரக்டரியோட நகல்! அஞ்சு மணிக்குள்ள நீங்க வரலைன்னா என் பேரு நாறிடும்!"

அழுதது பாஸ்வேர்டு அக்கா. வாட்ச் இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றுக்கு ஏழு கிடங்குகள். அங்கே யார் யார் வேலை பார்க்கிறார்கள், யாருடைய கார்டு எந்தக் கதவைத் திறக்கும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பாஸ்வேர்டு மறந்த அத்தனை பேரும் அவளிடம் வந்து தலையைச் சொறிவார்கள். அதனால் அந்தப் பெயர். ஆறு மாதமாகக் கிடங்குகளில் வாட்ச் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு பூட்டும் உடையவில்லை. கார்டைக் காட்டி, கதவைத் திறந்து, எடுத்துக்கொண்டு, மறக்காமல் மூடிவிட்டும் போயிருக்கிறான் மகராசன். யார் வந்தது என்று கதவு குறித்து வைப்பதில்லை. கார்டு போட்டுக் கொடுப்பவள் அக்கா ஆகையால் எல்லார் வாயிலும் அவள்தான் விழுந்தாள். பொறுக்க முடியாமல், போன வாரம் அவளே அண்ணியைத் தேடி வந்து, திருடனைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்டிருந்தாள்.

"செருப்பு கிடைச்சிடுச்சு," என்றாள் அண்ணி. "வண்டியை எடு."

துறைமுகக் கிடங்கு ஒரு பெரிய முற்றத்தின் நடுவில் இருந்தது. முற்றத்துக்குள் வண்டிகள் வர, போக, திரையில் கார்டு காட்டினால் எழும் ஒரு தடுப்புக் கட்டை. பக்கத்தில் காவலாளியின் கூண்டு. கட்டடத்துக்குள் ஆட்கள் நுழைய ஒரு கண்ணாடிக் கதவு; அதன் பக்கத்தில் கார்டு காட்டுவதற்கு ஒரு சின்னத் திரை. கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பிற்பகல் வெயிலில் வியர்த்து ஒழுக, கிளை மேனேஜர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. உள்ள கூப்பிட எனக்கும் ஆசைதான். ஆனா பாருங்க, காலையிலேர்ந்து இந்தக் கதவுக்கு நான் யாருன்னே தெரியலை."

கார்டைத் திரையில் காட்டினார். திரையில் எழுத்து வந்தது: நீங்கள் யார்?

"ரொம்பப் பெரிய கேள்வியா இருக்கே சார்," என்றான் வாய்தா. "அதுக்குப் பதில் தெரிஞ்சவங்க யாரும் கிடங்குல உத்தியோகம் பார்க்க மாட்டாங்க."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கும்போது அவர் சட்டையின் வலது கை முழுவதும் சுண்ணாம்பாக இருந்தது தெரிந்தது.

"என்ன சார், சட்டைக்குப் பாதி வெள்ளையடிச்சிட்டு நிறுத்திட்டாங்க?"

"பழைய கட்டடம் தம்பி. எங்க சாஞ்சாலும் ஒட்டிக்கும்."

அதற்குள் உள்ளேயிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு பாஸ்வேர்டு அக்கா வந்தாள். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் கசங்கிய கைக்குட்டை. அண்ணியையும் வாய்தாவையும் இழுக்காத குறையாக சர்வர் அறைக்குக் கூட்டிப் போனாள். குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்த சின்ன அறை அது. மூன்று பேர் நின்றாலே ஒருவர் மூச்சை இன்னொருவர் வாங்க வேண்டியிருந்தது.

"ஏழு கிடங்குலயும் ஒவ்வொரு சர்வர் இருக்கு," என்றாள் அக்கா. "ஏழுலயும் ஒரே டைரக்டரி. யார் வேலைக்கு வந்தாங்க, யார் போனாங்க, யார் கார்டு எங்க திறக்கும், எல்லாம் அதுல இருக்கும். ஒரு இடத்துல மாத்தினா போதும். மத்த ஆறுக்கும் தானா சேதி போயிடும்."

"எங்கம்மாவும் அவங்க கூடப் பொறந்தவங்களும் இதே மாதிரிதான்," என்றான் வாய்தா. "ஏழு பேரு. ஒருத்தி காதுல ஓதினா போதும், சோறு ஆறதுக்குள்ள ஏழு வீட்டுலயும் தெரிஞ்சிடும்."

"அதேதான். இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஏழு கிடங்கும் மூடும். அப்ப ஏழு சர்வருக்கும் புது வெர்ஷன் ஏத்தணும். ஆனா ஏத்தறதுக்கு முன்னாடி, ஏழும் ஒரே கதையைச் சொல்லுதான்னு பார்த்துக்கணும். ஒருத்தி மட்டும் சேதி கேக்காம பழைய கதையே பேசிக்கிட்டிருந்தா வம்பு. அவளையும் சேர்த்து ஏத்தினா, வேலையை விட்டுப் போனவங்க எல்லாம் திரும்பி வந்துடுவாங்க, புதுசா சேர்ந்தவங்க காணாம போயிடுவாங்க. அதனால பழைய காப்பி எதுன்னு கண்டுபிடிச்சு, துடைச்சிட்டு, நல்ல காப்பியைப் பார்த்துத் திரும்ப எழுதணும்."

"கண்டுபிடிச்சாச்சா?" என்றாள் அண்ணி.

"இதோ, இதுதான்." அக்கா சர்வரை மாப்பிள்ளை பிடிக்காத பெண் மாதிரி பார்த்தாள். "மேனேஜர் சேர்ந்து மூணு வருஷமாச்சு. மத்த ஆறு காப்பியையும் லேப்டாப்புல எடுத்துட்டு வந்தேன், ஆறுலயும் அவர் இருக்காரு. இதுல மட்டும் இல்லை. லைனும் வேலை செய்யலை, வெளியிலேர்ந்து ஒரு சேதியும் இதுக்கு வரலை. காலையில கரண்ட் போயிட்டு வந்துச்சாம், அதுல மூணு வருஷத்துக்கு முந்தின பேக்கப் ஏறியிருக்கும்னு மேனேஜர் சொன்னாரு. துடைச்சிட்டு மத்த ஆறைப் பார்த்து எழுதிடும்மான்னாரு."

"நல்ல மனுஷன். உனக்கு வேலை மிச்சம். அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

அக்கா கைக்குட்டையை இன்னும் கசக்கினாள். "பயமா இருக்கு அண்ணி. முதலாளியம்மா விமானத்துல இருக்காங்க, போன் போகலை. நான் பாட்டுக்குத் துடைச்சிட்டு, நாளைக்கு இன்னும் நாலு வாட்ச் காணோம்னா, தடயத்தை அழிச்சிட்டான்னுதான் சொல்லுவாங்க. நான் வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்திடறாங்க. கைப்பையைத் தூக்கி மடியில வச்சுக்கறாங்க. நான் இந்தக் கம்பெனியில ஒரு குண்டூசி எடுத்ததில்லை."

அண்ணி அக்காவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"இதுக்கு யாரைத் தெரியலைன்னு பார்த்துட்டே. சரி. யாரைத் தெரியுதுன்னு பார்த்தியா?"

"அது எதுக்கு?"

"எங்க தாத்தா கடைசிக் காலத்துல என்னை யாருன்னு கேட்டாரு. ஞாபகம் போயிடுச்சுன்னு வீடே அழுதுச்சு. ஆனா முந்தாநாள் கடன் கேட்டு வந்தவனை மட்டும் சரியா அடையாளம் கண்டு, வீட்டுல யாருமில்லைன்னு சொல்லச் சொன்னாரு. அதனால கேக்கறேன். வாய்தா, இங்க இருக்கறதுலயே புது ஆள் யாரோ அவரைக் கூட்டிட்டு வா."

வாய்தா போய்க் காவலாளியை அழைத்து வந்தான். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பி. கண்ணாடிக் கதவில் அவர் தன் கார்டைக் காட்டியதும் திரை பணிவாகச் சொன்னது: வணக்கம், காவலர் அவர்களே.

"எப்ப சேர்ந்தீங்க?"

"போன வாரம்மா. கார்டு இந்த அக்காதான் தலைமை ஆபீஸ்ல போட்டுக் கொடுத்தாங்க."

"காலையில கரண்ட் போச்சா?"

"கரண்டா? போகவே இல்லையே."

அக்கா லேப்டாப்பைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி லேப்டாப்பைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா இருக்கறவரைத் தெரியலை, போன வாரம் வந்தவரைத் தெரியுது," என்றான் வாய்தா. "எங்க அண்ணனேதான். கல்யாண நாள் ஞாபகம் இருக்காது. நேத்து நீங்க திட்டினது மட்டும் அட்சரம் பிசகாம ஞாபகம் இருக்கும்."

"உங்க அண்ணனை அப்புறம் பார்த்துக்கறேன்." அண்ணியின் கண்கள் மின்னத் தொடங்கியிருந்தன. "நம்மகிட்ட 'இல்லை'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு. இன்னும் வீட்டுக்கு வராதவரையும் இல்லைங்கறோம். வந்துட்டுக் கிளம்பிப் போனவரையும் இல்லைங்கறோம். இதுல மேனேஜர் இல்லைன்னதும், இன்னும் வராத 'இல்லை'ன்னு நீ நினைச்சுட்டே. இது வந்துட்டுப் போன 'இல்லை'."

அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்குட்டை கீழே விழுந்தது.

"அழிச்சிருக்காங்க! இவரை யாரோ இங்க அழிச்சிருக்காங்க, அதுக்கப்புறம்தான் லைன் போயிருக்கு! அப்படின்னா பழைய காப்பி இது இல்லை அண்ணி. இது ஒண்ணுதான் புதுசு. மத்த ஆறும்தான் பழசு! ஆறு பேரு ஒரே மாதிரி சொன்னதும் அதுதான் சரின்னு நம்பிட்டேனே. இன்னும் கொஞ்ச நேரத்துல புதுசைத் துடைச்சிட்டுப் பழசை ஏத்தியிருப்பேனே!"

"அழிக்கற அதிகாரம் யாருக்கும்மா இருக்கு?"

கேட்டது மேனேஜர். காவலாளி திறந்துவிட்ட கதவு வழியாக அவரும் நுழைந்து வந்துவிட்டிருந்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ரெண்டே பேருக்கு. ஒண்ணு முதலாளியம்மா, அவங்க ஆகாசத்துல இருக்காங்க. இன்னொண்ணு நீ. உன்னை எல்லாரும் சந்தேகப்பட்டப்ப நான்தான் வேணாம், விட்டுடுங்கன்னேன். கடைசியில எனக்கே குழி வெட்டிட்டியே? மரியாதையா என்னைப் பழையபடி சேர்த்திடு. இல்லைன்னா சாயங்காலம் அம்மா இறங்கினதும் முதல் போன் என்னோடதுதான்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "சார், அழிச்சா அதுக்கு ஒரு..." என்று தொடங்கினாள். அண்ணி தன் செருப்புக் காலால் அவள் காலை நறுக்கென்று மிதித்தாள். அக்கா பேச்சை விழுங்கினாள்.

"தலை சுத்துது," என்றாள் அண்ணி. "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன். வாய்தா, காவலாளி அண்ணா, துணைக்கு வாங்க."

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின் சுவருக்குப் போனார்கள். புதிதாக வெள்ளையடித்த சுவர். அதன் மேல் ஒரு குழாய் ஏறியது. குழாயின் வாயிலிருந்து ஒரு கேபிள், பிடுங்கிய பல் மாதிரி, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே சுண்ணாம்பு ஓர் ஆள் உயரத்துக்குத் தேய்ந்திருந்தது. பக்கத்தில் பளபளவென்று ஒரு கார் நின்றது.

"இது யார் வண்டி?"

"மேனேஜர் சாருடையதும்மா," என்றார் காவலாளி. பிறகு மனசைக் கனக்கச் செய்ததை இறக்கி வைப்பவர் போலச் சொன்னார். "காலையில முதலாளியம்மா வந்துட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிப் போனாங்க. அவங்க போனதும் இவரும் வண்டியை எடுத்துக்கிட்டு வந்தாரு. தினமும் என்னைப் பார்த்தா 'வரேன்'னுதான் சொல்லுவாரு. இன்னிக்கு 'போறேன்'னாரு. யாராவது அப்படிச் சொல்லுவாங்களாம்மா? வாயில வரலாமா அது? எனக்கு அதுலேர்ந்து மனசே சரியில்லை."

"போனாரா?"

"எங்க போறது? கார்டைக் காட்டினாரு, கட்டை தூக்கலை. கார்டு இல்லாத வண்டியை நான் கையால தூக்கிவிடணும்னா டிக்கியைத் திறந்து பார்க்கணும். அது ரூலு. சொன்னேன். அவசரமில்லைன்னு சொல்லிட்டு, வண்டியைத் திருப்பி இங்க கொண்டுவந்து நிறுத்திட்டாரு."

அண்ணி காவலாளியைக் கட்டிப்பிடிக்காத குறை.

"வாய்தா, ஒரு சேதி பரவக் கூடாதுன்னு கேபிளைப் பிடுங்கறவன் யாரா இருப்பான்?"

"சேதி யாரைப் பத்தினதோ அவன்தான். எங்க சின்ன மாமா பரீட்சையில கோட்டை விட்டப்ப தபால்காரரையே மூணு தெருவுக்கு அந்தப் பக்கம் மடக்கிட்டாரு."

"வீட்டுக்குப் போகணும்னா ஒரு ஆட்டோ பிடிச்சுப் போயிருக்கலாம். கதவு திறக்காத கட்டடத்து வாசல்ல, இந்த வெயில்ல, காலையிலேர்ந்து இளிச்சிக்கிட்டு உக்காந்திருக்காருன்னா எதுக்கு? உள்ள போகறதுக்கா?"

வாய்தா காரைப் பார்த்தான். அவனுக்கு மூளையில் பல்பு எரிந்து, அந்த வெளிச்சத்தில் முகமே அகலமாகிவிட்டது. "அண்ணி, உங்களைக் கட்டிக்கிட்ட எங்க அண்ணன் எப்படித்தான் வீட்டுல ஒரு பொய் சொல்லிச் சமாளிக்கறாரோ!"

"சமாளிக்கலை. வா."

சர்வர் அறைக்குத் திரும்பியதும் அண்ணி குரலைத் தாழ்த்தி, தப்புச் செய்தவள் போலப் பேசினாள்.

"சார் சொல்றதுதான் நியாயம். ஏம்மா, அவரைத் திரும்பச் சேர்த்திடு."

"அண்ணி!"

"சேர்த்திடுன்னா சேர்த்திடு." செருப்பு மறுபடி அக்காவின் காலைத் தேடியது. அக்கா அவசரமாகக் கால்களை நாற்காலிக்கு மேலே தூக்கிக்கொண்டு, விசைப்பலகையில் கைக்கு வந்ததைத் தட்டினாள்.

"ஆச்சா? சார், உங்க கார்டு இனிமே வேலை செய்யும். மன்னிச்சுக்கோங்க."

மேனேஜர் நன்றி சொன்னார். மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். அறையை விட்டு வெளியே வந்தார். வலது பக்கம் பத்து எட்டு வைத்தால் அவருடைய அறை. காலையிலிருந்து நுழைய முடியாமல் தவித்த அறை. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது பக்கம் திரும்பி, நடந்து, நடை ஓட்டமாகி, பின் சுவரைப் பார்த்துப் பறந்தார்.

"உள்ள போகணும்னு அழுத மனுஷன், வழி கிடைச்சதும் வெளிய ஓடறாரு பாரு," என்றாள் அண்ணி.

கார் சீறிக்கொண்டு தடுப்புக் கட்டைக்கு வந்தது. மேனேஜர் கார்டை நீட்டினார். திரை கேட்டது: நீங்கள் யார்? மறுபடி நீட்டினார். மறுபடி கேட்டது. அதற்குள் காரின் முன்னால் வாய்தாவும், பின்னால் காவலாளியும் வந்து நின்றுவிட்டார்கள்.

"டிக்கி சார்," என்றார் காவலாளி. "ரூலு."

டிக்கி திறந்தது. அண்ணி எட்டிப் பார்த்தாள். ஒரு குடை, ஒரு விரிப்பு, அதற்கு அடியில் ஸ்டெப்னி டயர். அவ்வளவுதான். காவலாளி குடையை விரித்துப் பார்த்தார், விரிப்பை உதறிப் பார்த்தார். வாய்தா டயரைத் தூக்க முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டான். வாட்ச்சின் வார்கூட இல்லை.

மேனேஜருக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "துப்பறியும் புலிகளா! ஒரு நல்ல மனுஷன் வண்டியை நடுரோட்டுல நிறுத்தித் திருடன்னு சொன்னதுக்கு மானநஷ்ட வழக்கு போடறேனா இல்லையா பாருங்க. உங்க பேச்சைப் பார்த்தா வக்கீல் குமாஸ்தா மாதிரி இருக்கே? நல்ல வக்கீலா ஒருத்தர் சொல்லுங்க."

அக்கா தூரத்தில் நின்று கைகளைப் பிசைந்தாள். அண்ணியின் நெற்றியில் முதல் தடவையாக வியர்வை பூத்தது.

அப்போது மணி நான்கு.

கீச் கீச்.

எங்கிருந்தோ ஒரு சின்னச் சத்தம். உடனே இன்னொன்று. அப்புறம் பத்து, அப்புறம் ஐம்பது. டயருக்கு உள்ளேயிருந்து, முட்டையை உடைத்துக்கொண்டு ஒரு கோழிப்பண்ணையே வெளியே வருவது போல, கீச் கீச் கீச் கீச் என்று ஒரே கூச்சல். மணிக்கொரு தடவை தானாகக் குரல் கொடுக்கும் எலக்ட்ரானிக் வாட்ச்சுகள், ஒன்றுக்கொன்று அரை நொடி முன்னே பின்னே, கடமை தவறாமல் நேரம் சொல்லின.

காவலாளி டயரைக் குத்தித் திறந்தார். காற்று இல்லை. வயிறு முழுக்க வாட்ச்.

"நல்ல வக்கீல் கேட்டீங்களே சார்," என்றான் வாய்தா. "இப்ப நிஜமாவே தேவைப்படும். நம்பர் தரேன், எழுதிக்கோங்க. மணி நாலுன்னு உங்களுக்குத் தனியா சொல்ல வேண்டியதில்லை."

போலீஸ் வந்தது. மேனேஜரைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது, அவர்கள் வண்டிக்கும் கார்டு இல்லாததால், காவலாளி அதன் டிக்கியையும் திறந்து பார்த்த பிறகே கட்டையைத் தூக்கினார்.

"எல்லாம் சரி," என்றான் வாய்தா. "அவரை அழிச்சது யாரு? அது இன்னும் தெரியலையே."

"அதைத்தானே சொல்ல வந்தேன், என் கால் விரலை நசுக்கிட்டாங்களே!" அக்கா நொண்டிக்கொண்டே சர்வர் அறைக்கு ஓடினாள். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள். "டைரக்டரியில ஒருத்தரை அழிச்சா சுத்தமா அழியாது. அந்த இடத்துல நடுகல் மாதிரி ஒண்ணு நிக்கும். இன்னாரை, இந்த நேரத்துல, இன்னார் எடுத்தாங்கன்னு. மத்த ஆறு காப்பிக்கும் அந்தக் கல்லுதான் போகும், அதைப் பார்த்துதான் அதுங்களும் எடுக்கும். இன்னும் வராதவருக்குக் கல் இருக்காது. போனவருக்கு இருக்கும். பழைய காப்பின்னு நம்பினதால நான் அதைத் தேடவே இல்லை."

தேடினாள். கல் நின்றது. இன்று காலை, மேனேஜர் காரை எடுப்பதற்குச் சற்று முன்னால் நட்டது. நட்டவர், முதலாளியம்மா.

அக்கா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, "நான் இல்லை, நான் இல்லை" என்று சர்வரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தாள். வாய்தா பின் சுவரில் ஏறி, தன் சட்டைக்கும் பாதி வெள்ளையடித்துக்கொண்டு, கேபிளைச் சொருகினான். திரையில் ஆறு கிடங்குகளும் ஒவ்வொன்றாகச் சேதியை வாங்கிக்கொண்டன. ஏழு காப்பியிலும் மேனேஜர் இல்லாமல் போனார்.

ஐந்தடிக்கச் சற்று முன்னால் முதலாளியம்மாவின் போன் வந்தது. அக்கா ஒலிபெருக்கியில் போட்டு, நடந்ததைச் சொன்னாள்.

"ஆமா, நான்தான் எடுத்தேன்," என்றது போன். பின்னால் விமான நிலையத்தின் இரைச்சல். "போற வழியில அங்க வந்து, அவர் கண் முன்னாலயே எடுத்தேன். ஒரு இடத்துல எடுத்தா மத்ததுக்குத் தானா போயிடும்னு நீதானேம்மா வகுப்பு எடுத்தே? யாருக்கும் சொல்லலை, அவரே கௌரவமா போகட்டும்னு விட்டேன்."

"அப்ப வாட்ச் எடுத்தது அவர்தான்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமாம்மா?"

"வாட்ச்சா? அது நீ சொல்லித்தான் இப்ப தெரியுது. நான் எடுத்தது வேற விஷயத்துக்கு. மாமியார் செத்துட்டாங்கன்னு இந்த வருஷத்துல மூணு தடவை லீவு போட்டாரு. ஒரு தடவை பெரிய மாமியாராம், ஒரு தடவை சின்ன மாமியாராம். மூணு தடவையும் நான் மலர்வளையம் அனுப்பினேன். இன்னிக்குக் காலையில அந்த அம்மாவே எனக்குப் போன் பண்றாங்க. பூவெல்லாம் நல்லா இருந்துச்சாம். அடுத்த தடவை ரோஜா கொஞ்சம் நிறைய வைக்கணுமாம்."

வாய்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கதவோரம் நின்ற காவலாளி தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

"ஆக, வாட்ச் எடுத்தது நீ இல்லை," என்றது போன், போகிற போக்கில். "நல்லவேளை. திங்கட்கிழமை வந்து உன்னையும் எடுத்துடலாம்னு இருந்தேன். சரி, மணியாச்சு. அப்கிரேடை ஆரம்பி."

அக்காவின் விரல் விசைக்கு மேலே இருந்தது. அது இறங்கவில்லை.

"முடியாதும்மா."

"ஏன்?"

"ஏழும் இன்னும் ஒரே கதையைச் சொல்லலை."

"மேனேஜர் ஏழுலயும் போயிட்டாருன்னு இப்பதானே சொன்னே?"

"அவர் விஷயம் சரியாயிடுச்சு. என் விஷயம் சரியாகலை." அக்கா விரலை எடுத்துக்கொண்டாள். "நான் திருடின்னு ஏழு கிடங்குலயும் ஒவ்வொரு காப்பி இருக்கும்மா. ஆறு மாசமா இருக்கு. நீங்க இப்ப அதை அழிச்சீங்க, என்கிட்ட மட்டும், போன்ல. அது மத்தவங்களுக்குப் போகாது. திருடின்னது ஏழுக்கும் தானா போச்சு. இல்லைங்கறது தானா போகாதும்மா."

போனில் விமான நிலையம் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ எங்கேயோ வரச் சொல்லி அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"ஏழு கிடங்குக்கும் கேக்கற மைக் அங்க இருக்கா?"

"இருக்கும்மா."

"போனை அது பக்கத்துல வை."

வாய்தா எழுந்து மைக்கை இழுத்து வைத்தான். முதலாளியம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. நான்தான் பேசறேன். வாட்ச் எடுத்த ஆள் பிடிபட்டாச்சு. அது நம்ம பாஸ்வேர்டு அக்கா இல்லை. அவங்களைச் சந்தேகப்பட்டது முதல்ல நான். என்னைப் பார்த்துதான் நீங்களும் பட்டீங்க. அவங்க ஒரு தப்பும் பண்ணலை. தப்பு பண்ணினது நான். அவங்ககிட்ட உங்க எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேட்டுக்கறேன். கேட்டவங்க, கேட்டுச்சுன்னு அவங்களுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க."

முற்றத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சர்வர் அறை ஜன்னலுக்கு வந்து, "கேட்டுச்சு அக்கா," என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். மேஜைத் தொலைபேசி அடித்தது. கேட்டுச்சு அக்கா. வைத்ததும் மறுபடி அடித்தது. ஒரு கிடங்கில் நாலைந்து பேர் ரிசீவரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசினார்கள். ஒருத்தி பேச முடியாமல் அழுதாள். மற்ற ஆறில் ஐந்து கிடங்குகள் பேசி முடித்தன. ஆறாவது பேசவில்லை.

மணி ஐந்தைத் தாண்டிவிட்டது.

"ஒண்ணுதானே பாக்கி," என்றான் வாய்தா, மெதுவாக. "ஆரம்பிச்சிடுங்களேன் அக்கா."

"ஒண்ணு பாக்கின்னாலும் ஏத்தக் கூடாது," என்றாள் அக்கா.

காத்திருந்தார்கள். அண்ணிகூட நகத்தைக் கடித்தாள். தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்துக் கேட்டாள்.

"சரி," என்றாள். "சரி. பரவாயில்லை. விடுங்க."

ரிசீவரை வைத்தாள். ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, குளிர்சாதனத்தின் உறுமல் கேட்காத அளவுக்கு, ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே கையை நீட்டி விசையை அழுத்தினாள்.